கிடைத்துவிட்டாள் என்று யாரும் சொல்லவில்லை

உங்களுக்குத் தெரிந்திருந்தது. மதியம் பன்னிரண்டரை மணிக்கே தெரிந்திருந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள். அதனால் ஒரு மனிதரின் கண் போயிற்று.

வாயை மூடிக்கொண்டு நின்றவரின் பெயரை நான் எழுதவில்லை. படித்தால் அவருக்கே தெரியும். எங்கள் பகுதியில் இருக்கிறவர்களுக்கும் தெரியும். மற்றவர்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. திருவண்ணாமலையில் பௌர்ணமி கூட்டம் வடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிறோம். மைக் செட், சாமியானா, நாற்காலி எல்லாம் வாடகைக்கு விடுவோம். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டி விளம்பரமும் செய்வோம். ஆடித் தள்ளுபடி, புதுக்கடை திறப்பு, யாராவது இறந்துபோனால் அந்தச் செய்தி, எல்லாவற்றுக்கும் குரல் என்னுடையது. பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் கூட்டத்தில் தொலைந்தவர்களை மைக்கில் கூப்பிடுவதும் நான்தான். ஆந்திராவிலிருந்து வருகிறவர்களுக்காக நாலு வரி தெலுங்கும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். என் முகம் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரல் தெரியாதவர்கள் கம்மி.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவரைக் காணவில்லை என்று நூறு தடவை சொல்வோம். கிடைத்துவிட்டார் என்று ஒரு தடவைகூடச் சொல்ல மாட்டோம். சொல்லச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஆள் கிடைத்ததும் சொந்தக்காரர்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நான் சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த சீட்டை எடுப்பேன். இருபது வருடமாக இதில் ஒரு தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

அன்று காலை பத்து மணிக்கு அடுத்த தெருவில் இருக்கும் ஒரு பெண் கடைக்கு ஓடி வந்தாள். அவளுடைய எட்டு வயது மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனவள், போய்ச் சேரவில்லை. டீச்சர் போன் செய்து கேட்ட பிறகுதான் இவளுக்கே தெரியும். வீடு இருக்கும் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இரண்டே திருப்பம். அதற்குள் பிள்ளையைக் காணோம். அழுகிறாள், மூச்சு வாங்குகிறது, பேச்சு வரவில்லை.

அவளோடு, பெயர் எழுதமாட்டேன் என்றேனே, அந்த நம் ஆள் வந்தார். எங்கள் பகுதியில் நற்பணி மன்றம் ஒன்று வைத்து நடத்துகிறவர். வருடத்துக்கு ஒரு முறை நோட்டுப் புத்தகம் கொடுப்பார், நாலு முறை பேனர் வைப்பார். அடுத்த தேர்தலில் கவுன்சிலருக்கு நிற்கப் போகிறார் என்று பேச்சு. தன் லெட்டர்பேடில் அறிவிப்பை அவரே எழுதிக்கொண்டு வந்திருந்தார். பிள்ளையின் உயரம், யூனிபார்ம் நிறம், ரெட்டைச் சடை, பை, எல்லாம் சரியாக இருந்தது. தகவல் தெரிந்தால் கூப்பிட அந்தத் தாயின் நம்பரும் அவருடைய நம்பரும் இருந்தன. அதற்குக் கீழே கடைசியாக இரண்டு வரி. பெட்ஷீட் விற்கும் வடமாநில ஆட்கள் சிலர் காலையில் அந்தத் தெருவில் சுற்றியதாகத் தெரிகிறது. சந்தேகப்படும்படி யாரைப் பார்த்தாலும் விடாதீர்கள்.

அந்தப் பெண் அழுகைக்கு நடுவில் ஒரு வார்த்தை சொன்னாள். "அவங்கப்பா வந்து இட்டுனு போயிருப்பாரோ?" அவளும் கணவரும் பிரிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருடைய போன் அணைந்திருந்தது.

"அவனா? ஒரு வருஷமா எட்டிப் பாக்காதவன் இன்னைக்கு வந்துட்டானா? நீ சும்மா இரும்மா" என்று இவர் அடக்கிவிட்டார்.

என் வீட்டுக்காரர் சீட்டை வாங்கிப் படித்தார். "ஐயா, இந்தக் கடைசி ரெண்டு வரி வேணாங்க. அதெல்லாம் போலீஸ் பாத்துக்கட்டும்" என்றார்.

"உன் பொண்ணா இருந்தா இப்டி பேசுவியா நீ?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பெத்தவ அழுதுட்டு நிக்கறா, நீங்க வரி எண்ணினு இருக்கீங்களா? குடுங்க இப்டி" என்று சீட்டைப் பிடுங்கினேன். எழுதிக் கொடுப்பதைப் படிப்பதுதான் என் வேலை என்று நினைத்தேன். வெறுமனே படித்திருந்தாலாவது பரவாயில்லை. கடைசி இரண்டு வரி வரும்போது தொண்டையை அடைக்கவைத்துப் படித்தேன். கேட்கிறவர்களுக்கு நெஞ்சு பதற வேண்டும் என்று. இருபது வருடத் தொழில், அது எனக்கு நன்றாக வரும்.

பென் டிரைவில் ஏற்றி மூன்று ஆட்டோக்களில் போட்டோம். போட்டால் அது தானாகத் திரும்பத் திரும்ப ஓடும், நிறுத்தும்வரை நிற்காது. மன்றத்துப் பையன்கள் என் குரலைப் போனில் பிடித்து வாட்ஸாப்பில் வேறு அனுப்பினார்கள். பதினொரு மணிக்கெல்லாம் பக்கத்து ஊர் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போய்விட்டது.

பதினொன்றரைக்கு நாற்சந்தியில் மறியல் ஆரம்பித்தது. நம் ஆள் நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு மணிக்கு அந்தக் கூட்டத்திலிருந்து ஒரு பகுதி பிரிந்து எங்கள் சந்துக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளுக்குப் போயிற்று. டைல்ஸ் போடுகிறவர்கள், ஓட்டலில் வேலை செய்கிறவர்கள், பானிபூரி விற்கிறவர்கள், எல்லோரும் வடக்கிலிருந்து வந்தவர்கள், அங்கேதான் வாடகைக்கு இருந்தார்கள். கல் விழும் சத்தம் எங்கள் கடைக்குக் கேட்டது. முதலில் ஓட்டின் மேல், பிறகு கதவின் மேல். பிறகு புகை வந்தது. இரண்டு பைக்கையும் ஒரு பானிபூரி வண்டியையும் கொளுத்திவிட்டார்கள்.

ஆட்கள் நாலு பக்கமும் சிதறி ஓடினார்கள். எங்கள் சந்துக்குள் ஒரு குடும்பம் ஓடி வந்தது. பானிபூரி விற்கிறவர், அவருடைய மனைவி, இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அவருக்கு நெற்றி உடைந்து சட்டை முழுக்க ரத்தம். எல்லாம் தெரிந்த முகங்கள். அந்தப் பெண் தினமும் எங்கள் கடைக்கு அடுத்த கடையில்தான் பால் வாங்குவாள். என்னைப் பார்த்து "அக்கா" என்றாள். அதற்கு மேல் தமிழ் வரவில்லை. என் வீட்டுக்காரர் மூன்று பேரையும் உள்ளே தள்ளினார். நானும் உள்ளே போனேன். அவர் வெளியே நின்று ஷட்டரை இறக்கினார்.

பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் அவர்களை உட்கார வைத்தேன். உள்ளே இருட்டு. மேலே ஓட்டுக் கண்ணாடி வழியாகக் கொஞ்சம் வெளிச்சம். ஒரு பழைய துணியை நனைத்து அவர் நெற்றியில் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது மெயின் ரோட்டில் ஆட்டோ வந்தது. என் குரல். உயரம் நாலடி, ரெட்டைச் சடை, நீலப் பை. பிறகு அந்தக் கடைசி இரண்டு வரி. தொண்டை அடைக்க, நெஞ்சு பதற.

அந்தப் பெண் ஸ்பீக்கர் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அக்கா... இது உங்கள்து வாய்ஸ்?"

நான் குனிந்து அவள் கணவரின் நெற்றியில் துணியை மறுபடி அழுத்தினேன். அவள் குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். திட்டவில்லை, அழவில்லை. என்னிடமிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள், அவ்வளவுதான். யாராவது என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி இருந்திருக்காது.

வெளியே என் வீட்டுக்காரர் ஆட்டோக்காரர்களுக்குப் போன் போட்டுப் பார்த்தார். இரண்டு ஆட்டோ திரும்பி வந்தன. மூன்றாவது ஆள் போனை எடுக்கவில்லை. அவருடைய ஆட்டோதான் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒரு மணி இருக்கும். என் வீட்டுக்காரர் ஷட்டரைத் தட்டி, "கூட்டம் ஒவ்வொரு சந்தா பாத்துனு வருது. நீ வெளியே வா" என்றார். நான் வெளியே வந்ததும் மறுபடியும் ஷட்டரை இறக்கினார். சந்து முழுவதும் பெண்கள் வாசலில் நின்றார்கள். எங்கள் கடைக்குள் யார் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஓடி வந்ததை அத்தனை பேரும் பார்த்திருந்தார்கள். ஒருத்தி வாயிலிருந்துகூட வார்த்தை வெளியே போகவில்லை. போலீசுக்கு நாலு பேர் போன் செய்தாயிற்று. வருகிறோம் என்றார்கள். மறியலைத் தாண்டி ஜீப் உள்ளே வர முடியவில்லை.

எங்களுக்கு எதிரில் இட்லிக்கடை நடத்தும் அக்கா இருக்கிறாள். அவள்தான் சொன்னாள். "இந்தா, சாமியானாவை எடுத்து வெளிய போடு. நாலு வரிசை சேர் போடு."

"எதுக்குக்கா?"

"சாவு வீடுன்னு சொல்லு. எந்தப் பொறம்போக்கும் சாவுக்குள்ள பூந்து கலாட்டா பண்ண மாட்டான்."

"செத்தது யாரு?"

"எங்க வீட்டுக்காரன்தான். வேற யாரு இருக்கா?"

அவளுடைய கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர். கலாட்டா என்று வண்டியை வீட்டில் நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கை கழுவக்கூட விடவில்லை. வாசலில் பெஞ்சைப் போட்டுப் படுக்கவைத்து, மூக்கில் பஞ்சு வைத்து, வேட்டியால் கழுத்துவரை மூடி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டினோம். பூக்கட்டும் பெண் கோயிலுக்குக் கட்டி வைத்திருந்த மாலையைக் கொண்டுவந்து போட்டாள். என் வீட்டுக்காரர் சந்து முனையில் சாமியானாவைக் கட்டி நாற்காலி போட்டார். கல்யாணத்துக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்கிற மனுஷன், அன்று பத்தே நிமிடத்தில் முடித்தார். சாவு வீட்டுக்கு வழக்கமாகப் போடுகிற பாட்டைச் சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் போட்டார். அக்கா தலையில் இருந்த பூவைப் பிய்த்து எறிந்துவிட்டு முடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் பதினைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்தோம்.

கூட்டம் வந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். கையில் கட்டை, கம்பி. முன்னால் வந்தவன் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவன். போன தை மாதம் தன் பிள்ளையின் காதுகுத்துக்கு எங்களிடம்தான் மைக் செட் எடுத்தான். சாமியானாவைப் பார்த்ததும் நின்றான். கட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"இன்னாக்கா ஆச்சு? காலைல இட்லி கட்டித் தந்தாரே அண்ணன்!"

"நெஞ்சு வலிக்குதுன்னாருப்பா. சாய்ஞ்சுட்டாரு" என்று அக்கா மார்பில் அடித்துக்கொண்டாள்.

அவன் செருப்பைக் கழற்றினான். பின்னால் இருந்தவர்களைப் பார்த்துக் கையைக் காட்டினான். கத்திக்கொண்டு வந்த கூட்டம் அடங்கிவிட்டது. ஆனால் பின்னால் இருந்து வேறு ஒருவன், "ணா, அந்த மைக் செட் கட ஏன் சாத்தியிருக்கு? தொறந்து பாத்துட்டுப் போலாம்" என்றான்.

அக்காவுக்கு அழுகை நின்றது. "எதிர்ல பொணம் கெடக்குது, கடையத் தொறந்து வெச்சினு வியாபாரம் பண்ணச் சொல்றியா? உங்க வீட்ல பொணம் வுழுந்தா அப்டித்தான் பண்ணுவீங்களா? யாரு புள்ளடா நீ?"

அந்த நேரம் பார்த்து உள்ளே குழந்தை அழ ஆரம்பித்தது. பூக்கட்டும் பெண் சட்டென்று ஒப்பாரியை எடுத்தாள். பதினைந்து பேரும் சேர்ந்து கத்தினோம். என் வீட்டுக்காரர் பாட்டுச் சத்தத்தை ஏற்றினார். அவ்வளவு சத்தத்திலும் அந்தக் குழந்தையின் அழுகை எனக்குத் தனியாகக் கேட்டது. அவர்களுக்கும் கேட்டிருக்குமா என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. முன்னால் நின்றவன் ஷட்டரை ஒரு தடவை பார்த்தான். பிறகு பெஞ்சில் படுத்திருந்தவரைக் கும்பிட்டுவிட்டு, "வாங்கடா போலாம்" என்றான். போய்விட்டார்கள்.

அவர்கள் திரும்பியதும் பிணம் எழுந்து பஞ்சைப் பிடுங்கிப் போட்டது. "ஏண்டி, ஒப்பாரின்னு சொல்லிட்டுப் பாதிக்கு மேல திட்டாவே இருந்துதே!"

"உசுரோட இருக்கும்போது எதக் கேட்ட நீ? செத்தாலாவது கேப்பேன்னுதான்" என்றாள் அக்கா. நாங்கள் சிரித்தோம். பயத்தில் வந்த சிரிப்பு. நிறுத்த முடியவில்லை.

இப்போது நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வருகிறது. பொய்யான பிணத்துக்குச் செருப்பைக் கழற்றத் தெரிந்தவனுக்கு, உயிரோடு இருக்கிற மனுஷனை அடிக்கக் கூடாது என்று தெரியவில்லையா?

மூன்றரை மணிக்கு மேல் கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் நாத்தனார் போன் செய்தாள். ஊரில் கலாட்டா என்று கேள்விப்பட்டு, நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேட்கத்தான். பேச்சுவாக்கில் சொன்னாள். "இன்னா அண்ணி, இன்னும் அந்தப் பொண்ணத் தேடினே இருக்கீங்களா? அது எங்க தெருவுலதான் இருக்குது. அவங்க அத்தை வூட்ல விளையாடினு இருக்குது."

அந்த அத்தையிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அந்த அம்மாள் சொன்னது இதுதான். பிள்ளையின் அப்பா காலையில் வழியிலேயே பிள்ளையை பஸ் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டார். மனைவியிடம் சொல்லிவிட்டதாகத் தன் அக்காவிடம் பொய் சொல்லியிருக்கிறார். மதியம் வாட்ஸாப்பில் என் குரலைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மாளுக்கு விஷயம் புரிந்தது. உடனே போன் செய்தார். தாயின் நம்பர் கிடைக்கவே இல்லை, ஊரே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு நம்பர் கிடைத்தது. மன்றத்துக்காரருடையது.

"பன்னண்டரைக்கே சொல்லிட்டேம்மா. 'சரி, பொண்ண அங்கயே வெச்சிக்கினு இருங்க, யார்கிட்டயும் சொல்ல வேணாம், நான் பாத்துக்கறேன்'னாரு."

பிறகு நானே நேரில் போய் அந்த அம்மாளின் போனைப் பார்த்தேன். கூப்பிட்ட நேரம் பன்னிரண்டு முப்பத்திரண்டு. நாலு நிமிடம் பேசியிருக்கிறார்.

அன்று உடனே நம் ஆளைக் கூப்பிட்டேன். அவர் பதறவில்லை. எனக்குப் புத்தி சொன்னார். "தெரியும்மா. இப்ப போய் சொன்னா நம்ம பசங்க மேலதான் கேஸ் வரும். பெத்தவளுக்குப் பக்குவமா சொல்லணும். சாயந்திரம் நானே சொல்றேன். நீ எதையும் கெளப்பாத."

பெற்றவளுக்குக்கூட அதுவரை தெரியாது! அவள் நாற்சந்தியில், அவருக்குப் பக்கத்தில், தரையில் கிடந்து அழுதுகொண்டிருந்தாள்.

நான் போனை வைத்துவிட்டு மைக்கை எடுத்தேன். திரும்பி வந்த ஆட்டோ ஒன்றில் ஏறினேன். என் வீட்டுக்காரர் ஓட்டினார். ரெக்கார்டு செய்யவில்லை, நேராகப் பேசினேன். "குழந்தை கிடைத்துவிட்டாள். அவளுடைய அப்பாவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நன்றாக இருக்கிறாள். காலையில் நான் படித்த கடைசி இரண்டு வரி பொய். விசாரிக்காமல் படித்தது என் தப்பு. எல்லோரும் வீட்டுக்குப் போங்கள்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நாற்சந்திக்குப் போனதும் அந்தத் தாய் ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவளை ஏற்றிக்கொண்டோம். பாதிக் கூட்டம் கலைந்தது. மீதிக் கூட்டம் என்னை நம்பவில்லை. "காலைல நீதான அழுத? இப்ப எவன் இன்னா சொல்லச் சொன்னான்?" என்று ஒருவன் கத்தினான். ஒரு கல் வந்து என் புருவத்தில் பட்டது. ஆறு தையல். கல் எறிந்தவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவனுக்குக் கோபத்தை ஏற்றிவிட்டது நான்தானே.

ஆனால் நான் மைக்கை எடுப்பதற்குள் ஒன்று நடந்துவிட்டிருந்தது. மூன்று மணிக்கு, மார்க்கெட் பக்கத்தில், பெட்ஷீட் விற்கிறவர் ஒருவரைப் பிடித்து அடித்துவிட்டார்கள். ஐம்பது வயசுக்காரர். பத்து வருடமாக இந்த ஊருக்கு வந்து போகிறவர். அன்று காலை அவர் எங்கள் தெருப்பக்கமே வரவில்லை, பஸ்ஸிலிருந்து இறங்கியதே மதியம்தான். சைக்கிளையும் மூட்டையையும் கொளுத்திவிட்டு, கம்பியால் முகத்தில் அடித்திருக்கிறார்கள். இடது கண் போய்விட்டது. மூன்று மணி. பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் இரண்டரை மணி நேரம். ஒரு வார்த்தை போதும், இரண்டரை மணி நேரம் தேவையில்லை.

கலவரம் அன்றோடு நிற்கவும் இல்லை. அடுத்த இரண்டு நாளும் பிள்ளையைப் பற்றிப் பேச்சே இல்லை. லைன் வீட்டை வாடகைக்கு விட்டவரின் கடையை உடைத்தார்கள். ஏற்கனவே ஆகாத இரண்டு தெருக்காரர்கள் இதுதான் சாக்கு என்று அடித்துக்கொண்டார்கள். பஸ் கண்ணாடி உடைந்தது. கடைகளைச் சாத்தினார்கள். தடை உத்தரவு போட்டார்கள். அந்த மூன்று நாளும் இட்லிக்கடை அக்கா அடுப்பை அணைக்கவில்லை. லைன் வீட்டிலிருந்து ஓடியவர்களையும் எங்கள் கடையில் இருந்த மூவரையும் போலீஸ்காரர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்திருந்தார்கள். சந்துப் பெண்கள் முறை வைத்துச் சமைத்துக் கொண்டுபோனோம். செத்துப் பிழைத்த ஆட்டோக்காரர்தான் ஏற்றிப் போனார். பானிபூரிக்காரரின் மனைவி என் கையால் சாப்பாடு வாங்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை. நாலாம் நாள் மூவரும் ரயில் ஏறிப் போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை.

நான் காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். என் மேல் வழக்கு இருக்கிறது. கூப்பிடும்போதெல்லாம் போகிறேன். அந்தப் பெட்ஷீட்காரரை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். தமிழ் நன்றாகவே பேசினார். "நீங்க படிச்சீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "யாரு எழுதினாங்க?" என்றார். சொன்னேன். "அவர் வரலையே" என்றார்.

ஒரு மாதம் கழித்து அமைதிக் கூட்டம் நடத்தினார்கள். மேடையில் நம் ஆள். அமைதிக்குப் பாடுபட்டதற்காக அவருக்குப் பொன்னாடை. எழுந்து நின்று, "உங்களுக்குப் போன் வந்தது எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். "இப்ப எதுக்கும்மா பழசெல்லாம்? ஊர் அமைதியா இருக்கறது உனக்குப் பிடிக்கலையா?" என்றார். கை தட்டினார்கள். நாலு பேர் என்னை உட்காரச் சொன்னார்கள்.

பழசா? ஒரு மாதத்தில் ஒரு கண் பழசாகிவிடுமா?

இப்போது எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். காணவில்லை என்று எத்தனை சுற்று போனதோ, கிடைத்துவிட்டார் என்றும் அத்தனை சுற்று போக வேண்டும். ஆட்டோக்காரர் போனை எடுக்காவிட்டால் அதற்குப் பிறகு அவருக்கு வேலை கிடையாது. யார் மேலாவது சந்தேகத்தைக் கிளப்புகிற வரி இருந்தால் அந்தச் சீட்டைத் தொடமாட்டேன். எத்தனை பெரிய ஆள் எழுதிக் கொடுத்தாலும் சரி. இதனால் வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. போகட்டும்.

நம் ஆள் இப்போது ஓட்டுக் கேட்டு எங்கள் சந்துக்கு வரப் போகிறாராம். கும்பிட்டபடி, சிரித்தபடி வருவார். வரட்டும். ஐயா, என் பங்குத் தப்பை நான் ஊர் முன்னால் சொன்னேன், கல்லடியும் பட்டேன், இன்னும் கோர்ட்டுக்கு நடக்கிறேன். ஆனாலும் கண்ணாடியில் புருவத்துத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் என் வாயிலிருந்து வந்த அந்த இரண்டு வரியைத் திரும்ப வாங்க முடியவில்லையே என்றுதான் இன்றும் இருக்கிறது. உங்களுக்கு அந்த நாலு நிமிடப் போன் என்றைக்காவது உறுத்தியிருக்கிறதா? வீட்டுக்குள் கூப்பிட்டு என்னிடம் சமாதானம் பேச வேண்டாம். சந்து முனையில், அத்தனை பேருக்கும் நடுவில் நின்று சொல்லுங்கள்: பிள்ளை கிடைத்துவிட்டாள் என்று தெரிந்த பிறகு, அவளைப் பெற்றவள் உங்கள் காலடியில் கிடந்து அழுதுகொண்டிருக்கும்போது, நீங்கள் எதற்காகக் காத்திருந்தீர்கள்?